ஹட்டனிலிருந்து கண்டிக்கு: நோயாளிப் பிராணியை இரவுக் கவனிப்புக்குக் கொண்டுபோகும் முறை

ஹட்டனில் நான் உதவியாளராக இருக்கும் மிருக வைத்திய கிளினிக் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படும். விடியும்வரை சேலைன் ஏற வேண்டிய நாயையும், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய பூனையையும் ஆளில்லாத அறையில் விட்டுப் பூட்ட எங்கள் டொக்டருக்கு மனம் வராது. இரவில் ஆளும் ஒட்சிசனும் உள்ள கண்டிப் பக்கத்துக் கிளினிக்குகளுக்கு அனுப்பிவிடுவார். கூடப் போவது பெரும்பாலும் நான்தான். 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் மனிதருக்கு மட்டுமே. பிராணிக்கு, கிடைக்கும் வேனை நாமே அம்புலன்ஸ் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் செலவிடும் அரை மணி நேரம், பாதையில் பறந்து மிச்சம்பிடிக்கும் அரை மணி நேரத்தைவிடப் பெறுமதியானது. கினிகத்தேனை வளைவுகளில் அப்படி எதையும் மிச்சம்பிடிக்கவும் முடியாது. ஆனாலும் உரிமையாளர் வாசலில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவார். டொக்டர் "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்றால் பொறுக்கத்தான் வேண்டும்.

சில நோயாளிகளை இருந்த நிலையிலேயே வண்டியில் ஏற்றக்கூடாது. இரத்தம் நிற்கவில்லை, வலிப்பு அடங்கவில்லை என்றால் முதலில் அதை இங்கேயே கட்டுப்படுத்த வேண்டும். வயிறு உப்பித் துடிக்கும் பெரிய நாய்க்கு இரைப்பை முறுக்கியிருக்கலாம். உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றாமல் அனுப்பினால் நாவலப்பிட்டி தாண்டுவதே சந்தேகம். சிறுநீர் அடைத்த கடுவன் பூனையும் அப்படித்தான். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குழப்பிவிடும். அடைப்பை எடுத்தோ, அது முடியாவிட்டால் சிறுநீர்ப்பையை ஊசியால் வடித்தோதான் டொக்டர் அனுப்புவார். 'அங்கே போனால் பார்த்துக்கொள்வார்கள்' என்பது பெரிய ஆசுபத்திரி மேல் நமக்குள்ள பக்தி. இடையில் கிடக்கும் மலைப்பாதைக்கு அந்தப் பக்தி தெரியாது.

அடுத்தது தொலைபேசி. வேனைக் கூப்பிடும் முன் கண்டிக்கு அழையுங்கள். இடம் இருக்கிறதா, இன்றிரவு டொக்டர் இருக்கிறாரா அல்லது உதவியாளர் மட்டுமா, ஒட்சிசன் இருக்கிறதா, முற்பணம் எவ்வளவு என்று கேளுங்கள். இரவு எவ்வளவு ஆகும் என்று உத்தேசமாகவாவது ஒரு தொகையைக் கேட்டு, அதை உரிமையாளரிடம் வேன் கூலியோடு சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் திரும்பி வரும் கூலியும் அதில் அடக்கம். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்கு இந்தக் கணக்கு பாதி வழியில், கம்பளையில் வைத்துத் தெரியவரக்கூடாது. கணக்கைக் கேட்டுவிட்டு "வேண்டாம் தம்பி, வீட்டுக்கே கொண்டுபோகிறேன்" என்று சொன்னவர்களும் உண்டு. அதற்காக முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை. வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று டொக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். வழியில் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி முயல வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? கேட்கச் சங்கடமாக இருக்கும். பதிலைக் கடதாசியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

அந்தக் கடதாசியில் வேறு என்ன? இன்று நிறுத்த எடை, கொடுத்த மருந்துகள் ஒவ்வொன்றின் பெயர், அளவு, கொடுத்த நேரம். 'மாலையில் வலிக்கு ஊசி போட்டது' என்று எழுதினால் அங்கே உள்ளவர் அடுத்த ஊசியை எப்போது போடுவார்? 5.40 என்று எழுதுங்கள். உடல் வெப்பநிலை, நாடி, மூச்சு எண்ணிக்கை, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், தடுப்பூசி விபரம், உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் வேண்டும். எக்ஸ்ரேயை முன்கூட்டியே கைத்தொலைபேசியில் அனுப்பிவிடலாம். மரக்கறித் தோட்டத்து மருந்தை நக்கிய நாய் என்றால் அந்தப் போத்தலின் லேபலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஏற்றுவதைப் பற்றி. பூனையை உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். சாக்கில் உரத்தின் மிச்சமும் நெடியும் இருக்கும், காற்றும் போகாது. பூனைக்கூடு இல்லையென்றால் மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து நான்கு பக்கமும் கட்டுங்கள். உள்ளே பழைய துவாய், மேலே மூட ஒரு துணி. இருட்டில் பூனை அடங்கும். ஆனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை முழுவதும் மூடாதீர்கள். முகம் தெரியும்படி விட்டுக் கூடவே உட்காருங்கள்.

முதுகெலும்பு அடிபட்ட நாய்க்கு ஒட்டுப்பலகை வேண்டும். தோள் அருகிலும் இடுப்பு அருகிலும் அகலப் பட்டியால் பலகையோடு கட்டவும். கழுத்தின் மேலும் வயிற்றின் மேலும் கட்டக்கூடாது. மூச்சுத் திணறும் நாயைப் பக்கவாட்டில் சாய்க்காமல் நெஞ்சு கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். வாய்க்கட்டு விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாய்க்கட்டுப் போடவே கூடாது. கடிக்கும் என்று பயமாக இருந்தால் தடித்த துவாயைக் கழுத்தைச் சுற்றித் தளர்வாகப் போட்டுப் பிடியுங்கள்.

சிறுத்தை கவ்விய நாய்களும் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அகப்பட்ட நாய்களும் தோட்டப்பக்கம் அடிக்கடி வரும். கழுத்தில் சின்னதாய் இரண்டு துளை மட்டும் தெரியும், உள்ளே தசை நைந்திருக்கும். அந்தக் கழுத்தில் பட்டி, சங்கிலி எதுவும் வேண்டாம்.

ஓடும் வண்டியில் சேலைன் ஒரு சீராக இறங்காது. வளைவில் நிற்கும், நேரில் கொட்டும். சின்னப் பூனைக்கு அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆகவே டொக்டர் அனுமதித்தால் குழாயைக் கழற்றி, நாளத்தில் ஏற்றிய சிறு ஊசிக்குழாயான கெனுலாவை மூடி, கட்டைச் சரிபார்த்துவிட்டுப் புறப்படுவதுதான் என் விருப்பம். பயணத்திலும் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் பையை உயரத்தில் கட்டி, அடைப்பானைக் கையருகில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் இருக்க ஓர் ஆள் தனியாக வேண்டும். அந்த ஆள் சாரதியாக இருக்க முடியாது.

ஓட்டோவில் போகலாமா என்று கேட்பார்கள். டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு வரலாம். கண்டிவரை படுத்த நாயோடு போக முடியாது. வேன்காரத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பாட்டு வேண்டாம், சிகரெட் வேண்டாம், வளைவில் முந்த வேண்டாம். ஒட்சிசன் சிலிண்டர் இருந்தால் உருளாதபடி கட்டி, ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், கண்டிக்குப் பக்கத்துப் பேராதனை 500 மீற்றர் அளவில்தான். ஹட்டனில் வண்டியில் ஏற்றும்போது போர்த்திய கம்பளி, இறங்கி வந்த கம்பளையில் புழுங்கும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அந்தப் புழுக்கமே ஆபத்து. சுடுநீர்ப் போத்தல் வைத்தால் துணி சுற்றி வையுங்கள். மயக்கத்தில் உள்ள பிராணி சூட்டிலிருந்து விலக முடியாமல் வெந்துபோகும்.

அரை மணிக்கு ஒருமுறை ஈறைப் பாருங்கள். ஈரமான இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ வண்டியை ஓரமாக நிறுத்தி டொக்டருக்கு அழையுங்கள். மலை மறைத்துச் சிக்னல் போகும் இடங்களைச் சாரதிக்குத் தெரிந்திருக்கும், அவற்றுக்கு முன்பே அழைத்துப் பேசிவிடலாம். கடும் மழை நாளில் புறப்படும் முன் பாதை நிலவரத்தை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேளுங்கள். மண் சரிந்து நடுவழியில் அகப்படுவதைவிட, கிளினிக்கில் ஒருவர் கண்விழித்திருப்பது நல்லது.

விசர்நோய் சந்தேகம் உள்ள நாயை டொக்டர் சொல்லாமல் தொடவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். எலிக்காய்ச்சல் நாய்களின் சிறுநீரிலும் பரவும். கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

கண்டியில் இறக்கியதும் கடதாசியை நீட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். இரவுக் கடமையில் இருப்பவரின் முன் நின்று வாயால் சொல்லுங்கள். என்ன நோய், என்ன கொடுத்தோம், வழியில் என்ன மாறியது, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு. கெனுலா எந்தக் காலில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

பார்வோ என்ற தொற்று வைரஸ் நோய் வந்த நாயை ஏற்றிய வேனில் அடுத்த நாய்க்குட்டியை ஏற்றும் முன் அழுக்கை நன்றாகக் கழுவி, ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பூசிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சவர்க்காரம் மட்டும் அந்தக் கிருமிக்குப் போதாது. இந்தச் செலவையும் வேன்காரரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

காலையில் திரும்பி ஏறும்போது இரவில் கொடுத்த மருந்துக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்தின் மீதம் உடலில் உள்ள நாய்க்கு வட்டவளையிலிருந்து குளிர் பிடிக்கும். கம்பளியை வேனின் பின்னால் மூட்டைகளுக்கு அடியில் போடாமல் கையருகில் வைத்துக்கொள்ளுங்கள்.