கேம்பர் வேனை இறக்கிப் பெரிய வீல் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் பட்டறைக்கு இப்போதெல்லாம் டாக்ஸி வேன்களைவிடக் கேம்பர் வேன்கள்தான் அதிகம் வருகின்றன. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பழைய டிராவலரையோ ஈகோவையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டுக்கோ சக்லேஷ்பூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்து அவர்களுக்கு வரும் ஆசை, வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கி, டிராவலர் என்றால் 15 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17 போடுவது. அதிலும் தப்பில்லை. உயரமான வேன் வளைவில் சாய்வது குறையும், ரோட்டைப் பிடித்து ஓடும், நிற்கும்போதே ஒரு அழகு வரும். ஆனால் குவாலிஸையும் சுமோவையும் இறக்கிய காலத்தில் எங்கள் ஆட்கள் செய்த அதே தவறுகளை இந்தப் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

காயில் ஸ்பிரிங்கை கேஸ் கட்டரால் அறுக்காதே, பழைய டயர் வாங்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெறும் வண்டியில் உயரம் வைப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் கூட்டினாலும் இதற்கு ஆகும் செலவு வராது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மாதம் இன்னொருவர் இதே கோலத்தில் வந்து நிற்கிறார். எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நடப்பது இப்படி. வேன் வாங்கியதும் சீட்டையெல்லாம் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே வெறும் தகரம். தச்சர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் "சஸ்பென்ஷன் வேலையை முடித்துவிடலாம், அப்புறம் உள்வேலை" என்று முடிவெடுக்கிறார்கள். வெறும் வண்டியில் டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் பாடித் தகரமான ஆர்ச்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வருகிற மாதிரி இறக்குகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். அன்றைக்கு அந்த வண்டி உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ஏறுவதைக் கூட்டிப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. 8க்கு 4 பிளைவுட், 18 மி.மீ. கனம், ஒரு ஷீட் ஏறத்தாழ 35 கிலோ. கட்டிலும் அலமாரியும் செய்ய ஆறு ஷீட் சுலபமாகப் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் எடை தெரியும். சமையல் கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோ. ஃபிரிட்ஜ், கூரை ஏசி, மெத்தை, நான்கு பேர், அவர்கள் மூட்டை முடிச்சு. 600 கிலோ என்பது பெரிய கணக்கே இல்லை.

அதில் பெரும்பகுதி பின்னால்தான் உட்காருகிறது. டேங்க்கை வாலில், பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 3350 மி.மீ. உள்ள டிராவலரில், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் ஆக்சிலில் விழுவது 130 கிலோ. முன்பக்கம் 30 கிலோ லேசாகிவிடும். ஸ்டீயரிங் ஏன் மிதக்கிறது என்று கேட்பவர்கள் முதலில் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும்.

பின்பக்கத்தைத் தாங்குவது பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். 4 கிலோ ஏற்றினால் 1 மி.மீ. இறங்கும் பட்டை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 200 கிலோ ஏறினால் 50 மி.மீ. இறங்கும். வெறும் வண்டியிலேயே 60 மி.மீ. இறக்கிவிட்டுப் போனவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

சேலத்துப் பையன் ஒருவர் தன் டிராவலரைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் பின்னால் பக்கத்துக்கு ஒரு பட்டையை உருவிவிட்டு, மிச்சப் பட்டைகளின் வளைவை அடித்துக் குறைத்திருந்தார்கள். எல்லாம் வெறும் வண்டியில். உள்வேலை முடிந்து, குடும்பத்தோடு ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"அண்ணா, தொப்பூர் இறக்கத்துல ஒவ்வொரு பள்ளத்துக்கும் யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம். அம்மா பயந்துட்டாங்க."

"லோடு ஏத்தினப்புறம் கேப் எவ்ளோன்னு பாத்தீங்களா தம்பி?"

"இல்லண்ணா. அப்பதான் வீல் போட்டு முடிச்சிருந்தோம்."

ராம்ப்பில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆக்சில் மேலே வந்து பாடியில் மோதாமல் தடுக்கும் பம்ப் ரப்பர் கூம்பாக இருக்க வேண்டியது, தட்டையாக நசுங்கி, முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆர்ச்சின் உள் விளிம்பில் பெயின்ட் போய், விரல் அகலத்துக்குத் தகரம் பளபளவென்று தெரிந்தது. அதன் மேலெல்லாம் டயர் தூள் கறுப்பாக அப்பிக் கிடந்தது. டயரின் உள்தோளில் அதே அகலத்தில் ஒரு வெட்டு, உள்ளே நூல் எட்டிப் பார்த்தது. மெயின் பட்டை வளைவு திரும்பிக் கீழ்நோக்கித் தொங்கியது. அந்த வண்டியில் அம்மாவை உட்காரவைத்துத் தொப்பூர் இறங்கியிருக்கிறார்.

பட்டை செட் புதிது, ஷாக் அப்சார்பர் புதிது, பின் டயர் இரண்டும் புதிது. அதைவிடப் பெரிய இடி, பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டின் மேல்பக்கத்தை எட்டத் தண்ணீர் டேங்க்கையும் அதன் மேலிருந்த கட்டிலையும் கழற்ற வேண்டியிருந்தது. தச்சர் ஒட்டி, ஆணியடித்து, லேமினேட் போட்டு முடித்த கட்டில். அது முழுசாகத் திரும்பி வரவில்லை.

சரியான வரிசை நேர் எதிரானது. உள்வேலையை முடியுங்கள். தண்ணீரையும் டீசலையும் நிரப்புங்கள். சிலிண்டரையும் பாத்திரங்களையும் ஏற்றுங்கள். பயணத்தில் வரும் ஆட்கள் உட்காரட்டும். யஷ்வந்த்பூர், பீன்யா பக்கம் லாரிகள் போகும் வே பிரிட்ஜ் ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். முன் ஆக்சிலை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. இரண்டையும் கழித்தால் பின் ஆக்சில் எடை. வண்டியின் புத்தகத்தில் ஆக்சிலுக்குச் சொல்லியிருக்கும் உச்ச எடையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால் இறக்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், எடையைக் குறைக்கும் வழியைப் பாருங்கள்.

பிறகு நான்கு மூலையிலும் வீல் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காத்தும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். இடது வலது வித்தியாசம் தெரியும். ஃபிரிட்ஜும் டேங்க்கும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் கண்டிப்பாகத் தாழ்ந்திருக்கும். கடைசியாக, பம்ப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். முழு லோடில் 60 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும் என்பது என் வழக்கம். நம் ஊர் ரோட்டுக்கு அதற்குக் கீழே நான் இறக்குவதில்லை.

உள்வேலைக்கு முன்பே செய்தாக வேண்டிய கட்டாயம் என்றால், எம் சாண்ட் மூட்டைகளை எடைபோட்டு, டேங்க்கும் கட்டிலும் வரப்போகும் இடத்திலேயே அடுக்கி வைத்து அளக்கலாம். அரை நாள் வேலை.

இன்னொன்று: இறக்கும்போது ஸ்பிரிங் கெட்டியாக வேண்டும். பயணிக்கும் தூரம் குறைவதால், அந்தக் குறைந்த தூரத்துக்குள் அதே பாரத்தைத் தாங்க வேண்டும். பட்டையை உருவுவது அதற்கு நேர்மாறு. உயரமும் குறைகிறது, தாங்கும் சக்தியும் குறைகிறது. புதிய வளைவில், சரியான கனத்தில் பட்டை செட்டே செய்து போடுங்கள். ஷாக்கும் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும். பழைய நீள ஷாக்கைப் போட்டால் அது உள்ளே முட்டி, சீல் போய், எண்ணெய் வடியும்.

டயர் அளவில் அங்குலத்தை மட்டும் பார்ப்பது

215/75 ஆர்15 என்றால் டயரின் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், வீல் 15 அங்குலம். இதன் முழு விட்டம் சுமார் 703 மி.மீ. 17 அங்குல வீலில் 225/60 போட்டால் 702. நடைமுறையில் அதே உயரம். அதே 17-ல் "இன்னும் கொஞ்சம் நிறைவாக இருக்கட்டும்" என்று 235/65 போட்டால் 737. கிட்டத்தட்ட 5 சதவீதம் பெரிது. முன்னால் சரியாகக் காட்டிய மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் ஓடும். மலை ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச் கூடுதலாகத் தேயும். இறக்கி மிச்சப்படுத்திய இடத்தில் 17 மி.மீ.யை டயரே தின்றுவிடும்.

ஆனால் விட்டம் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது இதைவிட மோசம். டயர் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 99 என்றால் ஒரு டயர் தாங்குவது 775 கிலோ. 109 என்றால் 1030 கிலோ. எஸ்யூவிகளுக்கு விற்கும் 225/60 ஆர்17 டயர்கள் பலவற்றில் இருப்பது 99. பின்னால் ஒற்றை வீல் உள்ள வேனில், ஆக்சில் எடை 1550 கிலோவைத் தாண்டினாலே அந்த ஜோடி போதாது. விட்டமும் பொருந்தி, எண்ணும் பொருந்துகிற டயர் கிடைக்கவில்லை என்றால் 15-லேயே இருந்துவிடுங்கள்.

அலாய்க்கும் இதே பேச்சுதான். வீலின் உள்பக்கத்தில் தாங்கும் எடை பொறித்திருக்கும். ஜேசி ரோட்டில் வீல் பார்க்கும்போது முகத்தைப் பார்த்தது போதும், திருப்பிப் பாருங்கள். எண் இல்லாத வீல் வேண்டாம்.

ஸ்பேசர்

வீலை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தட்டுதான் இது. போடாதீர்கள்.

ஆஃப்செட்

வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். 45 ஆஃப்செட் வீலைக் கழற்றி, அதே அகலத்தில் 20 போட்டால் வீல் 25 மி.மீ. வெளியே வருகிறது. பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கும். பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும், இறக்கிய வண்டியில் ஆர்ச் விளிம்பு டயரைச் சீவும். கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து அதிகம் விலகாதீர்கள்.

பிரேக் கம்பியை மறப்பது

ஏபிஎஸ் இல்லாத பழைய வேன்கள் பலவற்றில், பின் ஆக்சிலிலிருந்து பாடிக்கு ஒரு சின்னக் கம்பி போய், ஒரு வால்வில் முடியும். பாடி ஆக்சிலுக்கு அருகே வந்தால் "லோடு ஏறிவிட்டது" என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நாம் இறக்கியதும் பாடி எப்போதுமே அருகில்தான் இருக்கிறது. டேங்க் காலியாக, தனியாக ஓட்டிக்கொண்டு மழையில் ஹொசூர் ரோட்டில் பிரேக் அடித்தால், முன் வீல் பூட்டுவதற்கு முன்பே பின் வீல் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் வரும்.

இறக்கிய அளவுக்கு ஏற்ப அந்தக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். புதிதாக வேலை கற்றவர்கள் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். வண்டியைக் கொடுக்கும்போதே நீங்களே கேளுங்கள்.

வீல் தொங்கும்போது புஷ் போல்ட்டை முறுக்குவது

ராம்ப்பில் வண்டி தூக்கியிருக்கும்போதே எல்லாப் போல்ட்டையும் இறுக்கி முடித்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். சஸ்பென்ஷன் மூட்டுகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ ஆரம்பிக்கும். சில மாதங்களில் வெடித்து, கிறீச் சத்தம் வரும். போல்ட்டை மாட்டி மட்டும் வையுங்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, லோடோடு, கடைசி இறுக்கு அங்கே.

அலைன்மென்ட்டும் லோடோடுதான். அதுவும் புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடிப் படிந்த பிறகு.

ஸ்பீட் பிரேக்கர்

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வட்ட ஹம்ப் என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 3350 வீல்பேஸ் வண்டி அதன் நடுவே நிற்கும்போது வயிற்றுக்கு அடியில் 8 செ.மீ. மேடு வரும். இது விதிப்படி போட்டதற்கு. பெங்களூர் லேஅவுட்களில் குடியிருப்போர் சேர்ந்து போட்ட மேடுகள் இதைவிடக் குறுகலானவை, உயரமானவை. அதில் இறங்கும்போது சஸ்பென்ஷனும் அமுங்கும். வயிற்றின் கீழ் கழிவுநீர் டேங்க் தொங்கவிட்டிருப்பவர்கள் அந்த டேங்க்கின் அடியிலிருந்து தரை வரை அளந்து பார்த்துவிட்டு, எவ்வளவு இறக்கலாம் என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஹெட்லைட்

பின்பக்கம் மட்டும் இறக்கினால் லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். லைட்டைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.

ஆர்டிஓவையும் இன்சூரன்ஸையும் கடைசியில் நினைப்பது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேம்பருக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. பணத்தைச் செலவழித்த பிறகு ஓடாதீர்கள். எதை மாற்றப் போகிறோம் என்று எழுதி, உங்கள் ஆர்டிஓவில் முதலில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மைத் தள்ளுவது அவர்களுக்குச் சுலபம்.

வீல் நட்டு

பழைய இரும்பு வீலின் நட்டு புது அலாய்க்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். சிலவற்றில் உட்காரும் இடம் கூம்பு, சிலவற்றில் உருண்டை. மாறினால் இறுக்கியது போலவே இருந்து ஓட்டத்தில் தளரும். வீலோடு வரும் நட்டையே போடுங்கள். 100 கிலோமீட்டருக்குள் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, வீல் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்சால் எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள்.