கைவேலை தெரிந்தும் எங்கே சறுக்குகிறார்கள்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் பலருக்குக் கைவேலை நன்றாகவே வரும். சறுக்குவது வேறு இடத்தில்.

முதலில் சான்றிதழ். "அரசாங்க அங்கீகாரம் பெற்ற மையம்" என்று பேனரில் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஜே.பி.கே. (அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் மையத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி. வெல்டிங் நிலை 2-க்கு மட்டும் அங்கீகாரம் உள்ள இடத்தில் நிலை 3 படித்தால், வந்துபோனதற்கு ஒரு தாள் கிடைக்கும், எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்காது. பயிற்சியின் நோஸ் (தேசிய தொழில்திறன் தரம்) குறியீட்டையும் அங்கீகாரம் முடியும் தேதியையும் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

செம்பனை ஆலையில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாக்கி, பி.பி.தி. (முன் அனுபவத்துக்கான அங்கீகாரம்) வழியாக எஸ்.கே.எம். வாங்கலாம். ஆனால் படமோ வேலைத்தாளோ யார் எடுத்து வைக்கிறார்கள்?

செய்முறைத் தேர்வில் பலரைக் கவிழ்ப்பது மல்டிமீட்டர். ஆம்பியர் அளந்த பிறகு சிவப்பு வயரை 10ஏ துளையிலேயே விட்டு, வோல்டேஜ் பார்க்கப் போவார்கள். அந்தத் துளை வழியே மீட்டருக்குள் தடை ஏறக்குறைய பூஜ்யம். 230 வோல்ட்டில் வைத்தால் நேராக ஷார்ட். நல்ல மீட்டர் என்றால் ஃபியூஸ் போகும், மலிவானது கையிலேயே வெடிக்கலாம். "கரண்ட் இல்லை" என்று சொல்வதற்கு முன், கரண்ட் இருப்பது தெரிந்த ப்ளக்கில் மீட்டரைச் சோதித்து, வேலை இடத்தில் பார்த்து, மறுபடி அதே ப்ளக்கில் பாருங்கள். நடுவில் மீட்டரே செத்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

புரியாவிட்டாலும் "போலே பாஸ்" (முடியும் பாஸ்) என்பது நம்மவர்களின் பழைய வியாதி. சூப்பர்வைசர் சொன்னதை உங்கள் வார்த்தையில் மலாயில் திருப்பிச் சொல்லுங்கள். தவறு அங்கேயே பிடிபடும். ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் "பம்ப் ரோசாக்" (பம்ப் பழுது) என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் முதலிலிருந்து தேட வேண்டும். 3-ஆம் பம்ப், 2.40 மணி, பேரிங் பக்கம் சூடு, கிரீஸ் போட்டும் குறையவில்லை என்று எழுதுங்கள்.

எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அன்றே ஃபோன் செய்யுங்கள். 1955 வேலைச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க முயற்சிகூடச் செய்யாவிட்டால், மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதியின்றி வராத கணக்குதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.