சேஸிஸ் கோணலா நேரா? போர்டிகோவுலயே அளந்து பாக்கறது எப்படி

எங்க வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இடது பக்கமா இழுக்குதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், அந்த அண்ணன் குனிஞ்சு கூட பாக்கல, "சேஸிஸ் பெண்டு சார், பாடிய இறக்கித்தான் ஆகணும்"ன்னுட்டாரு. சேஸிஸ்னா வண்டிய தாங்குற அடிச்சட்டம், அதுமேல இருந்து பாடிய இறக்கறதுன்னா சும்மாவா, அதுக்கு முன்னாடி நாமளே அளந்துடலாம்னு உக்காந்தேன். பெரிய மெஷின் எதுவும் வேணாம், கொத்தனார் பையில இருக்கறதே போதும்: தூக்குகுண்டு, நூல், டியூப் லெவல் (தண்ணி நிரப்பி மட்டம் பாக்கற டியூப்), இன்ச் டேப். கூட மாஸ்கிங் டேப்பும் பால்பாயிண்ட் பேனாவும், அப்புறம் டேப்போட இன்னொரு முனையை பிடிக்க ஒரு ஆளு.

முதல்ல உங்க வண்டிக்கு தனி சேஸிஸ் இருக்கான்னு பாருங்க. ஹெரால்டு (நம்ம சென்னை வண்டலூர் பக்கம் செஞ்ச வண்டிதான், 1961ல ஆரம்பிச்சாங்க), பழைய மஹிந்திரா ஜீப்பு, இதெல்லாம் தனி சேஸிஸ் மேல பாடிய போல்ட் போட்டு உக்கார வச்சது. அம்பாசிடர், பத்மினி அப்படி இல்ல, பாடியே சேஸிஸ். அதுக்கும் இதே அளவு முறை ஒத்துவரும், ஆனா கோணல்னா பாடியவே சரி பண்ணணும்.

வண்டிய ஜாக்கில தூக்காதீங்க. ஜாக்கி மட்டும் தாங்குற வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது, ஹாலோ பிளாக் அடுக்கறது அதவிட மோசம், அது சொல்லாம கொள்ளாம உடையும். இன்னொண்ணு, தாங்குற இடம் கொஞ்சம் ஏறி இறங்கினா சேஸிஸே லேசா முறுக்கிக்கும், அப்புறம் நீங்க அளக்கறது ஜாக்கி பண்ண கோணலை. நாலு டயருலயும் ஒரே காத்து வச்சு, ஒரே தடிமன் உள்ள அகல பலகை மேல ஏத்தி நிறுத்துங்க, வீலுக்கு முட்டு குடுங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, போதும்.

இப்ப தரையில புள்ளி வைக்கணும். சேஸிஸ்ல இடது வலதுன்னு ஜோடியா இருக்கற இடங்கள தேடுங்க, கம்பெனி போட்ட ஓட்டை, போல்ட் சென்டர், ஸ்ப்ரிங் மாட்டுற இடம், இப்படி முன்னாடில இருந்து பின்னாடி வரைக்கும் நாலு ஜோடியாவது. யாரோ வெல்டு வச்ச இடம், நீளமா தேஞ்சு போன ஓட்டை வேணாம். ஹெரால்டுல நடுவுல போற ரெண்டு மெயின் ரெயிலுதான் (நீளவாக்குல போற இரும்பு சட்டம்) கணக்கு, ஓரத்து ரெயில் எப்பவோ கல்லுல இடிச்சிருக்கும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒவ்வொரு புள்ளில இருந்தும் தூக்குகுண்ட தொங்கவிட்டு, நேர் கீழ தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவால குறி போடுங்க. சாக்பீஸ் கோடே ஒரு நூல் (கொத்தனார் கணக்குல 3 மி.மீ.) அகலம் வரும், வேணாம். காலைலயே செஞ்சுடுங்க, மத்தியானம் கடல்காத்து அடிக்க ஆரம்பிச்சா குண்டு நிக்கவே நிக்காது. அப்படியும் ஆடுனா குண்ட ஒரு மக்கு தண்ணில முங்க விடுங்க, ஆட்டம் அடங்கிடும், அப்புறம் மக்க எடுத்துட்டு குறி போடலாம்.

எல்லா குறியும் போட்டு, கீழ சொல்ற முறுக்கு அளவையும் எடுத்ததும் வண்டிய தள்ளிடுங்க, சேஸிஸோட படம் தரையில இருக்கும். இனி குறுக்கு அளவு. முதல் ஜோடி இடதுல இருந்து ரெண்டாவது ஜோடி வலதுக்கு, அப்புறம் வலதுல இருந்து இடதுக்கு, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இப்படியே கட்டம் கட்டமா போங்க, ஒரேயடியா முன் மூலைல இருந்து பின் மூலைக்கு மட்டும் பாத்தா நடுவுல இருக்கற தப்பு ஒளிஞ்சுக்கும். டேப் கொக்கி லொட லொடன்னு ஆடும், அதனால பத்து சென்டிமீட்டர் கோட்டுல இருந்து பிடிச்சு கடைசில பத்த கழிச்சுக்கங்க. ஒரு நூல் வித்தியாசம்னா நான் கவலையே பட மாட்டேன். ரெண்டு நூலுன்னா மறுபடி அளப்பேன். அதுக்கு மேலன்னா விஷயம் இருக்கு. அப்படியே ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளி எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நூல் இழுத்துப் பாருங்க, நடுவுல ஏதாவது ஒண்ணு விலகி நின்னா சேஸிஸ் பக்கவாட்டுல வளைஞ்சிருக்கு.

முறுக்கு பாக்கறதுலதான் நான் ஏமாந்தேன். இத வண்டிய தள்ளறதுக்கு முன்னாடியே பாத்துடணும். தரையில இருந்து உயரம் அளந்தேன், இடது பக்கம் முழுக்க மூணு நூல் கம்மி, சரி போச்சுடான்னு உக்காந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, மழைத்தண்ணி போக போர்டிகோவுக்கு கொத்தனார் வாட்டம் குடுத்திருப்பாரே! தரைய நம்பவே கூடாது. டியூப் லெவல்ல குமிழி இல்லாம தண்ணி நிரப்பி, ரெண்டு முனையும் திறந்தே வச்சு, தண்ணி மட்டத்துல இருந்து ஒவ்வொரு ஜோடிக்கும் இடது எவ்ளோ, வலது எவ்ளோன்னு எழுதுங்க. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் உயரம் மாறும், அது டிசைனே அப்படி, இடது வலது மட்டும் ஒப்பிடுங்க. எல்லா ஜோடிலயும் ஒரே பக்கம் ஒரே அளவு தாழ்ந்திருந்தா வண்டி சாய்ஞ்சு நிக்குது, அவ்ளோதான். முன்னாடி இடது தாழ்ந்து பின்னாடி வலது தாழ்ந்திருந்தா அதுதான் முறுக்கு.

அளக்கும்போதே ரெயில கையால தடவிட்டு வாங்க, பெயிண்ட் சுருங்கின இடம், மடிப்பு, ஒட்டுப்போட்ட தகடு எல்லாம் பழைய கதை சொல்லும். பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கத்து வண்டின்னா ஸ்க்ரூ டிரைவரால தட்டுங்க, 'டங்'னு கேக்கணும், 'தொப்'னு கேட்டா உள்ள துரு, அப்ப நேரா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அளவு நிஜமாவே தப்பா வந்தா சங்கிலி கட்டி இழுக்கறேன், ஜாக்கி குடுத்து நெம்பறேன்னு வீட்டுல இறங்காதீங்க, சங்கிலி தெறிச்சா உயிருக்கே ஆபத்து. எழுதின பேப்பர எடுத்துட்டு ஜிக் (சேஸிஸ பூட்டி நேராக்கற சட்டம்) வச்சிருக்கற கடைக்கு போங்க, அளவோட போனா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

நம்ம ஹெரால்டுல எல்லா கட்டமும் ஒரு நூலுக்குள்ள வந்துச்சு. அப்புறம் முன் வீல் ரெண்டையும் தூக்கி கையால சுத்திப் பாத்தா இடது வீல் மட்டும் இறுக்கமா சுத்துது, பிரேக் டிரம்ம கழட்டினா வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டிட்டு இருக்கு, அந்த பிரேக் விடாம புடிச்சதுதான் வண்டிய இடது பக்கம் இழுத்திருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க புதுப்பேட்டைக்கு ஒரு நடை, வேலை முடிஞ்சுது.