அமெரிக்கத் தெற்கத்தி ஷெரிஃப் ஒருவரின் குடும்பத்தைக் காகிதத்தில் தேடுவது எப்படி

பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவள் நான். ஓய்வு பெற்று மகனோடு இருக்க வட கரோலினாவின் தலைநகர் ராலேவுக்கு வந்தபோது, இந்தக் கண்ணுக்கு இனி வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். மருமகள் குடும்பப் பிறப்புகளை எழுதிவைத்த ஒரு பழைய பைபிளைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவளுடைய ஐந்து தலைமுறைக்கு முந்திய தாத்தா வட கரோலினாவில் மக்காச்சோளமும் புகையிலையும் போட்ட விவசாயி; நடுவில் சில தவணை கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப், அதாவது கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி. "அத்தை, பத்திரம் படிக்கத்தான் உங்களுக்கு வருமே" என்றாள். நான்கு வருடமாயிற்று. அதே மாதிரி ஒருவரைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டிப் பத்திர அட்டவணையில் விற்றவர் வரிசையைப் புரட்டினால், எங்கள் ஆள் நிலத்தை விற்றுத் தள்ளியிருந்தார். ஆயிரக்கணக்கான ஏக்கர்! சம்பந்தியம்மாளிடம் "உங்க தாத்தா பெரிய ஜமீன்தார்" என்றே சொல்லிவிட்டேன். மறுவாரம் பத்திரங்களை முழுதாகப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடன் கொடுத்தவன் ஜெயித்த வழக்குகளில் நிலத்தை ஜப்தி செய்து, கோர்ட்டு வாசலில் ஏலம் விட்டு, வாங்கியவனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பது ஷெரிஃபின் வேலை. அதில் ஒரு ஏக்கர்கூட அவருடையதல்ல. ஆகவே ஒவ்வொரு பத்திரத்திலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பதவி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனிக் கட்டாக எடுத்து வையுங்கள். மிச்சமிருப்பதுதான் சொந்த நிலம். எங்களுக்கு மிஞ்சியது மூன்றே பத்திரம்.

அந்த மூன்றையும் வரைந்து பார்க்கலாம். சர்வே எண் எல்லாம் கிடையாது. ஒரு ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை டிகிரிக்கு இத்தனை 'போல்' போய், ஓடையை ஒட்டித் திரும்பி, இன்னாருடைய மூலைக்கு வந்து, மறுபடி அந்த ஓக்குக்கே வந்து சேரும். ஒரு போல் பதினாறரை அடி. 160 சதுர போல் ஒரு ஏக்கர். கோணமானியும் கட்டம் போட்ட தாளும் போதும். எல்லையில் வருகிற அண்டை வீட்டார் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் பெரும்பாலும் அந்த வேலிக்கு அப்பாலிருந்துதான் வந்திருக்கும்.

ஷெரிஃப் என்றதும் துப்பாக்கியும் குதிரையும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து வட கரோலினாவில் சம்மன் கொடுப்பதும் சிறையைப் பார்த்துக்கொள்வதும் போக, வரி வசூலும் அவர் தலையில்தான். பிறர் பணம் கையில் புழங்குகிறது. அதனால் பதவி ஏற்கும்போது பெரிய தொகைக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வசூலில் துண்டு விழுந்தால் கீழே கையெழுத்துப் போட்டவர்களும் கட்ட வேண்டும். யார் போடுவார்கள்? மாமனார், மைத்துனன், அண்ணன். 1829 சட்டத்துக்குப் பிறகு ஷெரிஃபை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் இரண்டே வருடம் என்பதால் ஜாமீன் பத்திரங்கள் வரிசையாகக் கிடைக்கும். ராலேயிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் கவுண்டி வாரியாகப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றோடு நிறுத்தாதீர்கள், எல்லாத் தவணையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆளின் 1840 பத்திரத்தில் கையெழுத்திட்டவர் ஒரு கிழவர், எழுத்து நடுங்குகிறது. 1848ல் அவர் இல்லை. வேறு குடும்பப் பெயரில் ஒரு இளைஞன். ஏன் ஜாமீன்தாரர் மாறினார் என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்தேன். விடை 1850 சென்சஸில் இருந்தது. வீட்டிலுள்ள சுதந்திர மனிதர் எல்லோர் பெயரையும் முதன்முதலாக எழுதிய கணக்கு அது. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வயதுக் கட்டத்தில் வெறும் எண்ணிக்கை. மனைவிக்கு வயது 27, மூத்த பையனுக்கு 17. பத்து வயதில் பெற்றிருக்க முடியாது. 1850 கணக்கு உறவுமுறை சொல்லாது, 1880தான் சொல்லும். நாமாக 'மனைவி, மக்கள்' என்று எழுதிக்கொண்டால் தப்பு. 1868 வரை அங்கே கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு கல்யாண ஜாமீன் பத்திரம் எழுதுவார்கள். 1845ல் எங்கள் ஆள் இரண்டாவதாக எழுதியது கிடைத்தது. கூடவே கையெழுத்திட்டவன் அந்த 1848 இளைஞன், புது மனைவியின் அண்ணன்! அப்படியானால் 1840 கிழவர் முதல் மாமனார். அவருடைய உயிலில் இறந்துபோன மகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு வரி இருந்தது. பைபிளில் முதல் மனைவியின் பெயர் கிடையாது. பைபிள் அச்சான வருடத்தைப் பாருங்கள்: 1847. அதற்கு முந்திய பிறப்புகள் எல்லாம் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவை. எழுதியது இரண்டாம் மனைவியாக இருக்கும் என்பது என் ஊகம்.

விவசாயியைப் பார்க்க 1850 முதல் 1880 வரையிலான சென்சஸின் வேளாண் அட்டவணை போதும்: திருத்திய நிலம், திருத்தாத நிலம், கோவேறு கழுதை, பன்றி, மக்காச்சோளம், புகையிலை. வெண்ணெய்க்கென்று ஒரு கட்டம் உண்டு, விட்டுவிடாதீர்கள். அத்தனை பவுண்டு வெண்ணெயைக் கடைந்த கைகள் வேறு எந்தக் காகிதத்திலும் வராது.

1890 கணக்கைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். 1921 ஜனவரி தீயில் சிக்கி அழிந்தது, மிஞ்சியது சொற்பம். பிறப்பு, இறப்புப் பதிவு மாநிலம் முழுக்கத் தொடங்கியது 1913ல்தான். அதற்கு முன் கல்லறைதான் கதி. எழுத்து தேய்ந்திருந்தால் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து நிழல் கட்டி எழும்பும். எங்கள் கல்லில் இறந்த நாள் 1881 மார்ச் 9, வயது 68 வருடம் 4 மாதம் 20 நாள். கழித்தால் 1812 அக்டோபர் 20. சென்சஸ்காரரிடம் அவர் வீட்டில் சொன்ன வயது 1850ல் 38, 1860ல் 46, 1870ல் 59. மூன்றுமே பொருந்தவில்லை; ஓரிரு வருடம் முன்பின் இருந்தால் ஆளை விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஷெரிஃப் பெயர் திடீரென்று மறைந்தால் தோற்றுப்போனார் என்று எழுதிவிட வேண்டாம். அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளர்ச்சிக்குத் துணைபோனவர் மறுபடி பதவிக்கு வரக்கூடாது என்று 1868ல் பதினான்காம் திருத்தம் தடுத்தது. ஷெரிஃபும் அதில் சேர்த்தி என்று 1869ல், மூர் கவுண்டி வழக்கில், வட கரோலினா உச்ச நீதிமன்றம் சொன்னது. 1872ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பெரும்பாலோருக்குத் தடையை நீக்கியது.

இனி, பலரும் தாண்டிப் போகிற தாள். 1850லும் 1860லும் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. உடைமையாளர் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் இருக்காது. எங்கள் ஆளின் பெயருக்குக் கீழே 1860ல் ஏழு வரி. ஜப்திக் கணக்கிலும் இவர்கள் வருவார்கள்; கோர்ட்டு வாசலில் நிலத்தைப் போலவே மனிதர்களையும் ஏலம் கூறியது ஷெரிஃபின் வாய்தான். சம்பந்தியம்மாளுக்கு இதைச் சொல்லத் தயங்கினேன். "எழுதுங்க, விடாதீங்க" என்றார் அவர்.

அந்த ஏழு பேரைத் தேட 1870 சென்சஸுக்குப் போங்கள். விடுதலையானவர்கள் பெயரோடு வருகிற முதல் கணக்கு. ஷெரிஃபின் வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் படியுங்கள். 1866ல், அடிமைகளாயிருந்த தம்பதிகள் எத்தனை வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று கவுண்டியில் பதிந்துகொள்ள மாநிலம் சட்டம் போட்டது. அந்தப் பதிவேட்டையும் சேர்த்து வையுங்கள். எங்களுக்கு நாலாவது வீட்டில் அதே குடும்பப் பெயரோடு ஒரு கறுப்பினப் பெண்மணி கிடைத்தார், வயது 43. 1860 அட்டவணையில் 33 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், 1850ல் 23 வயதில் ஒருத்தி. ஏலப் பட்டியலோ உயிலோ பெயரைச் சொல்லும்வரை இது பொருத்தம் மட்டும்தான். பேரனுக்காக வரைந்த வம்சப் படத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.