பைரோகாக்கஸ் ஆர்என்ஏஸ் பி: வெட்டியது என்சைமா, வெப்பமா?

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, “என்சைம் சேர்க்காத குழாய் எங்கே?” என்றுதான். ஆர்என்ஏவை வெட்டியது என்சைமா, வெறும் சூடா என்று அதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் ஆர்என்ஏதான் டிஆர்என்ஏ. புதிதாக உருவாகும் டிஆர்என்ஏவின் 5' முனையில், அதாவது தொடக்க முனையில், கூடுதலாக ஒரு துண்டு ஒட்டியிருக்கும். ஆர்என்ஏஸ் பி என்ற என்சைம் அதை ஒரே ஓர் இடத்தில் வெட்டி நீக்கும். வெட்டும் வேலையைச் செய்வது அதிலுள்ள ஆர்என்ஏதான். ஈ.கோலை பாக்டீரியாவில் இதை 1983-ல் நிரூபித்தார்கள்; 1989-ல் சிட்னி ஆல்ட்மனுக்கும் தாமஸ் செக்குக்கும் நோபல் கிடைத்தது. 100 டிகிரியை ஒட்டி வளரும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற ஆர்க்கியா வகை நுண்ணுயிரில் அந்த ஆர்என்ஏவோடு நான்கு புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. ஐந்தாவதாக எல்7ஏஇ புரதமும் உண்டு. எல்லா வெப்ப விரும்பிகளிலும் இப்படி இருக்காது. அக்விஃபெக்ஸ் என்ற பாக்டீரியாவில் ஆர்என்ஏவே இல்லாமல் ஒரு சிறு புரதம் வெட்டுகிறது. நானோஆர்க்கியம் என்ற ஆர்க்கியாவில் இந்த என்சைமே கிடையாது.

கையுறை கட்டாயம். பாலக்காட்டு மார்ச் வெயிலில் வழியும் வியர்வையிலும் ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைம் இருக்கிறது. என்சைமின் ஆர்என்ஏவை மெக்னீசியம் இல்லாமல் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, அதன் பிறகு மெக்னீசியமும் புரதங்களும் சேருங்கள். நான்கு புரதங்களும் இருந்தால் குறைந்த மெக்னீசியமே போதும். வெட்டவேண்டிய டிஆர்என்ஏவோடு வினையை 55 டிகிரியில், மூடி சூடாகும் பிசிஆர் கருவியில் வையுங்கள்; இல்லையென்றால் நீர் ஆவியாகி உப்பின் செறிவு ஏறிவிடும். குறித்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, யூரியாவும், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவும் உள்ள கரைசலில் கலந்து நிறுத்துங்கள்.

ஆர்என்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் யூரியா ஜெல்லில் ஓட்டினால் மூன்று பட்டைகள் வரவேண்டும்: வெட்டுப்படாதது, முதிர்ந்த டிஆர்என்ஏ, நீங்கிய துண்டு. நீங்கிய துண்டு மிகச் சிறியது. ஜெல்லை நீண்ட நேரம் ஓட விட்டால் அது கீழே வெளியேறிவிடும்.

என்சைம் இல்லாத குழாய்க்கு இங்கேதான் வேலை. சூடும் மெக்னீசியமும் சேர்ந்தாலே ஆர்என்ஏ தானாக உடையும். ஆனால் அது கண்ட இடத்தில் உடைவதால் பட்டையாகத் தெரியாமல் தீற்றலாகத் தெரியும். இரண்டு குழாய்களிலும் தீற்றல் ஒரே மாதிரி இருந்தால் அந்த ஜெல்லிலிருந்து வேகத்தைக் கணக்கிடாதீர்கள். நேரத்தைக் குறையுங்கள், என்சைமைக் கூட்டுங்கள், மறுபடி ஓட்டுங்கள்.