நான்கு பத்தி போட்ட நோட்டு: சிலுவை, கல்லறைப் பகுதிகளைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஈஸ்டர் நாடகம் எழுதினேன். ஒத்திகையின் நடுவில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், கல்லறையில் தேவதூதர் ஒருவரா, இரண்டு பேரா? நான் படித்த இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார்." என் நாடகத்தில் இரண்டு பேர். இரண்டு ஜோடி இறக்கை வேறு தைத்தாகிவிட்டது. "நீ உன் வசனத்தைப் பார்" என்று அதட்டி உட்காரவைத்தேன். அவள் வசனத்தைத்தான் பார்த்திருந்தாள் என்பது அன்றிரவு வேதாகமத்தைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. இயேசுவின் கதையைச் சொல்லும் சுவிசேஷங்கள் நான்கு. மத்தேயுவில் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்காரும் ஒரு தூதர். மாற்குவில் வெள்ளை அங்கி அணிந்த ஒரு வாலிபன். லூக்காவில் இரண்டு மனிதர்கள். யோவானில் இரண்டு தூதர்கள். நான் நான்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியிருந்தேன்.

பகலில் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவள் நான். கொழுந்து எடைப் பதிவேடுதான் என் பிழைப்பு: பெயருக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு பத்தி. அந்தப் பதிவேட்டின் புத்தியைச் சுவிசேஷ வாசிப்புக்குக் கொண்டுவந்ததுதான் கீழே வரும் முறை. விசுவாசியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. என்னோடு இதை முழுவதும் செய்தவர் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். படகர், இந்து, திருத்துவதில் மன்னன்.

தேவையானவை

ஒரு நீள நோட்டு, ஸ்கேல், பேனா, தமிழ் வேதாகமம். புராட்டஸ்டண்ட் வீடுகளில் பழைய நடையில் உள்ள பரிசுத்த வேதாகமம் இருக்கும். கத்தோலிக்கர் வீட்டில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். இரண்டும் கிடைத்தால் நல்லது. பெயர்கள் கொஞ்சம் மாறும்: அங்கே மகதலேனா மரியாள், இங்கே மகதலா மரியா, அங்கே பஸ்கா, இங்கே பாஸ்கா. ஒரே ஆள்தான், எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் ஒரே பண்டிகைதான். விளக்கவுரை நூல்களை இப்போதைக்கு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

படி 1: மாற்குவை ஒரே மூச்சில்

மாற்கு 14, 15, 16ஆம் அதிகாரங்கள். நிறுத்தாமல், முடிந்தால் வாய்விட்டு. குறிப்பு எடுக்கவேண்டாம். நான்கில் மாற்குவே சிறியது; அதுதான் முதலில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கி.பி. 70ஐ ஒட்டிய காலம் என்பார்கள். மறுநாள் மத்தேயு 26 முதல் 28 வரை, அதற்கு அடுத்த நாள் லூக்கா 22 முதல் 24 வரை, கடைசியாக யோவான் 18 முதல் 21 வரை.

மத்தேயுவை முடித்த அன்று சார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டார். "ஏம்மா, இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் வைத்தால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று தெரிகிறதே!" முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்திய கண். மாற்குவின் வரிகளை மத்தேயு கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்பது இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. ஆகவே மத்தேயு எங்கே மாற்குவை விட்டு விலகுகிறார் என்பதே கவனிக்கவேண்டிய இடம். ரோம ஆளுநர் பிலாத்துவின் மனைவி கண்ட கனவும், கல்லறைக்குக் காவல் வைத்ததும் மத்தேயுவில் மட்டுமே உண்டு.

படி 2: பத்தி போடுதல்

பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். மேலே நான்கு பெயர்கள். இடது ஓரத்தில் கேள்விகள்: சிலுவையைச் சுமந்தது யார்? மேலே எழுதி வைத்தது என்ன? கல்லறைக்குப் போனது யார்? யாரைக் கண்டார்கள்? பிறகு என்ன செய்தார்கள்?

விதி ஒன்றுதான். ஒரு பத்தியில் விடை இல்லையென்றால் கோடு போடுங்கள். பக்கத்துப் பத்தியிலிருந்து எடுத்து நிரப்பக்கூடாது. வேலைக்கு வராத பெண்ணின் பெயருக்கு நேரே அடுத்தவள் பறித்த கிலோவை நான் எழுதினால் மாதக் கடைசியில் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

ஒரு வரியை நான் செய்து காட்டுகிறேன். கல்லறைக்குப் போனது யார்?

மாற்கு 16:1 - மகதலேனா மரியாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், சலோமே.
மத்தேயு 28:1 - மகதலேனா மரியாள், மற்ற மரியாள்.
லூக்கா 24:10 - மகதலேனா மரியாள், யோவன்னாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், இன்னும் சில பெண்கள்.
யோவான் 20:1 - மகதலேனா மரியாள். கோடு. கோடு.

நான்கிலும் வருகிற ஒரே பெயர் உடனே கண்ணில் படுகிறது. யோவானில் அவள் தனியாகப் போவதுபோல் இருக்கிறது. ஆனால் அடுத்த வசனத்தில் ஓடிப்போய்ப் பேதுருவிடம் என்ன சொல்கிறாள்? "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை." எங்களுக்கு! கூட வேறு யாரோ இருந்தார்கள் என்று சிலர் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். இருக்கலாம். இன்னும் பதினொரு வசனம் தள்ளி, கல்லறை வாசலில் அழுதுகொண்டு நிற்கும்போது அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறாள்: "அவரை வைத்த இடம் எனக்குத் தெரியவில்லை." எங்களுக்கு என்பது எனக்கு ஆகிவிட்டது. கிரேக்க மூலத்திலும் இந்தப் பன்மை, ஒருமை மாற்றம் அப்படியே இருக்கிறது. பத்தி போடாமல் இருந்திருந்தால் நான் இதை ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கமாட்டேன்.

சிலுவையைச் சுமந்தவர் வரியையும் தவறவிடாதீர்கள். மூன்று பேர் சிரேனே ஊர் சீமோனைச் சொல்ல, இயேசு தாமே சுமந்துகொண்டு போனார் என்கிறார் யோவான். அந்தச் சீமோன் அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று மாற்கு மட்டும் சொல்கிறார். "அவர்களை உங்களுக்குத் தெரியுமே" என்று தன் வாசகரிடம் சொல்வதுபோல.

படி 3: மணியைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பழைய மொழிபெயர்ப்பின்படி சிலுவையில் அறைந்தது "மூன்றாம்மணி வேளை" (மாற்கு 15:25). பிற்பகல் மூன்று என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணும் கணக்கு அது. ஆகவே காலை ஒன்பது. ஆறாம்மணி என்றால் உச்சிவேளை, ஒன்பதாம்மணி என்றால் பிற்பகல் மூன்று.

சரிசெய்த பிறகு யோவான் 19:14ஐப் பாருங்கள். "ஏறக்குறைய ஆறுமணி நேரம்", அதாவது நண்பகல். அப்போதும் இயேசு பிலாத்துவின் முன்புதான் நிற்கிறார். மாற்குவின் கணக்கில் சிலுவையில் ஏற்றி மூன்று மணி நேரம் ஆகியிருக்கவேண்டும். நாளும் இடிக்கிறது: மாற்குவில் கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து, யோவானில் குற்றம் சாட்டியவர்கள் இன்னும் பஸ்காவைப் புசிக்கவில்லை (18:28).

இங்கே இரண்டு வகை அவசரக்காரர்கள் உண்டு. எப்படியாவது ஒட்டுப்போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுபவர்கள் ஒரு வகை. "பார்த்தாயா, எல்லாம் கட்டுக்கதை" என்று புத்தகத்தை மூடுபவர்கள் இன்னொரு வகை. இருவருமே பத்தியை முழுக்க வாசிப்பதில்லை. யோவானின் பத்தியில் இன்னும் கீழே இறங்குங்கள். மற்றவர்களின் கால்களை முறித்த போர்வீரர்கள் இயேசுவின் கால்களை முறிக்கவில்லை. அவருடைய எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படக்கூடாது என்ற எழுத்து நிறைவேறியது என்கிறார் யோவான் (19:36). அது யாத்திராகமம் 12:46இல் பஸ்கா ஆட்டுக்குட்டிக்குச் சொன்ன விதி. ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் ஆயத்தநாளில் இயேசு இறந்தார் என்பது அவர் சொல்ல வந்த செய்தியின் உயிர்நாடி. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

படி 4: ஏழு வார்த்தைகளைப் பிரித்து எழுதுங்கள்

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு சிலுவையிலிருந்து இயேசு பேசிய ஏழு வார்த்தைகளும் தொடராக மனப்பாடம். ஏழும் ஒரே சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. லூக்காவில் மூன்று, யோவானில் வேறு மூன்று, மீதி ஒன்று மாற்குவிலும் மத்தேயுவிலும். அந்த ஒன்று, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" மாற்குவை மட்டும் வாசிப்பவருக்குச் சிலுவையிலிருந்து கேட்கும் பேச்சு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒரு பெருஞ்சத்தம், அவ்வளவே. மன்னிப்பு ஜெபம் இல்லை, கள்ளனுக்குப் பரதீசு இல்லை. மாற்குவில் கூட அறையப்பட்ட இருவருமே நிந்திக்கிறார்கள். ஆராதனையில் ஏழையும் சேர்த்துக் கேட்பது ஓர் அனுபவம். நோட்டில் பிரித்துப் பார்ப்பது வேறோர் அனுபவம். பின்னதில்தான் எனக்கு உடம்பு நடுங்கியது.

படி 5: சங்கீதம் 22

ஒருமுறை முழுதாக வாசியுங்கள். "என் தேவனே, என் தேவனே" என்ற அதே முதல் வசனம், தலையை அசைத்துப் பரியாசம் பண்ணுவது, வஸ்திரத்துக்குச் சீட்டுப் போடுவது எல்லாம் அங்கே இருக்கின்றன. சிலுவையில் குடிக்கக் கொடுத்த காடிக்கு (புளித்த திராட்சரசம்) சங்கீதம் 69:21ஐப் பாருங்கள்.

படி 6: புத்தகத்துக்கு வெளியே

இரண்டு பொருள்கள் போதும். 1961இல் செசரியாவில் கிடைத்த ஒரு கல்லில் லத்தீன் எழுத்தில் பொந்தியு பிலாத்துவின் பெயரும் பதவியும் இருக்கின்றன. 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையைத் தோண்டியபோது குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் பாய்ந்த இரும்பு ஆணி அதில் அப்படியே இருந்தது. ஆணியின் நுனி வளைந்திருந்தது. அதை ரோமர் காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் எலும்பாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு சுவிசேஷங்களுக்குத் திரும்பினால் ஓர் ஆச்சரியம். நான்கு பேருமே "சிலுவையில் அறைந்தார்கள்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆணி என்ற சொல்லே அந்தக் காட்சியில் இல்லை. பிறகு சீடர் தோமா பேசும்போதுதான் வருகிறது (யோவான் 20:25). நம் மனதில் இருக்கும் சுத்தியலும் இரத்தமும் காலண்டர் படங்கள் கொடுத்தவை.

படி 7: உயிர்த்தெழுதல்

முதலில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: இயேசு எழுந்த அந்தக் கணத்தை யார் விவரிக்கிறார்கள்? நான்கு பத்தியிலும் கோடுதான். கல்லறை திறந்திருக்கிறது, பிறகு அவரைக் காண்கிறார்கள். நடுவில் நடந்தது எழுதப்படவில்லை.

பழமையான கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முற்றும். 9 முதல் 20 வரை பின்னால் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. எட்டாம் வசனத்தில் ஒருமுறை நிறுத்தி, புத்தகத்தை மூடிப் பாருங்கள்.

இடத்துக்கும் ஒரு வரி தேவை. மத்தேயுவில் சீடர்கள் அவரைக் கலிலேயா மலையில் காண்கிறார்கள். லூக்காவில் எல்லாமே எருசலேமும் அதன் சுற்றுப்புறமும். இரண்டு சீடர்கள் நடந்துபோக, உயிர்த்த இயேசு வழியில் சேர்ந்துகொண்ட எம்மாவு கிராமம் எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். குன்னூரிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே கேத்திவரை நடப்பதைவிடச் சற்றே அதிகம். பொழுது சாய்ந்து வீட்டில் உட்கார்ந்து அப்பம் பிட்ட பிறகு, அந்த இருவரும் "அந்நேரமே" எழுந்து அவ்வளவு தூரமும் திரும்பிப் போனார்கள் என்கிறார் லூக்கா. எங்கள் ஊரில் இரவில் இரண்டு வளைவு நடந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

ஐந்தாவதாக ஒரு குறுகிய பத்தியைச் சேருங்கள்: 1 கொரிந்தியர் 15:3-8. சுவிசேஷங்களுக்கு முன்பே, 50களில், பவுல் எழுதியது. கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டோர், யாக்கோபு, கடைசியில் தான். பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. நான்கு பத்தியிலும் நின்ற மகதலேனா மரியாளுக்கு இங்கே கோடு.

படி 8: யோவானில் இரண்டு நெருப்பு

இதை மலைவாசிகளுக்காகவே வைத்திருந்தேன். யோவான் 18:18: குளிராக இருந்ததால் வேலைக்காரர்கள் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள், பேதுருவும் கூட நின்றார். அங்கேதான் அவர் இயேசுவின் சீடன் அல்ல என்று மறுதலிக்கிறார். மாற்குவிலும் லூக்காவிலும் வெறும் நெருப்புதான். கரி யோவானில் மட்டும். 21:9இல், விடிந்தும் விடியாத கரையில், மறுபடி கரிநெருப்பு, அதன்மேல் மீன். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது.

இதைச் சொன்னபோது சார் கணப்புச் சட்டியைக் காலருகே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கரி வாசனை துணியில் ஏறினால் லேசில் போகாது அம்மா" என்றார்.

இரண்டு வசனங்களையும் எதிரெதிரே எழுதுங்கள். கீழே மூன்று வரி காலியாக விடுங்கள். மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேட்கப்படும் கேள்வி 21:15இல் தொடங்குகிறது.