தோட்டத்துத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

அந்தியூர், சத்தியமங்கலம் பக்கம் காட்டோரச் சாளையில் குடியிருப்பவர்கள், ரைஃபிள் லைசென்ஸுக்கு எழுதும்போதே தோட்டா அளவை யோசித்துவிடுங்கள். .303 (அங்குலம்), 7.62 (மி.மீ.) இரண்டு அளவும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. என் தேர்வு .315 தான். துப்பாக்கியும் தோட்டாவும் அரசு ஆலையிலேயே தயாராவதால் நாளைக்கும் கிடைக்கும் என்று நம்பலாம். தோட்டா கிடைக்காத வெளிநாட்டு ரைஃபிள் வெறும் இரும்புக் குழாய்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாகூட வைக்கக் கூடாது. (காட்டுப்பன்றியைச் சுட இந்த லைசென்ஸ் மட்டும் போதாது.) ஆக, குவிப்பதைவிட இருப்பதைக் காப்பதுதான் முக்கியம்.

எங்கள் அப்புச்சி தோட்டாக்களைத் தோல் பெல்ட்டிலேயே செருகி வைத்திருப்பார். ஒரு மழைக்காலம் கழித்து உருவினால் பித்தளை பச்சை பூத்து, விரலில் பிசுபிசுவென ஒட்டியது. தோல் பதனிட்ட சாறு பித்தளையை அரித்துவிடும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஓட்டுக்கடியில் சூடேறும் அட்டாலி வேண்டவே வேண்டாம். அப்புறம், டப்பா மேல் வாங்கிய வருஷத்தை எழுதி, பழசை முதலில் எடுங்கள்.